பாதிப் பங்காளி

எங்கள் சாருக்கு உலகத்தில் ஒரே ஒரு கேள்விதான் தெரியும். "எத்தனை பர்சென்ட்?" ஐந்து வருஷமாக அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போனது. ஆராய்ச்சி முடிவைக் காட்டினாலும் அதுதான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, லீவு வேண்டும் என்று போய் நின்றாலும், "ஒனக்கு அட்டெண்டன்ஸ் எத்தனை பர்சென்ட் இருக்கு?" என்பார். அந்த ஆளை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் நடுநிலையாக எழுதவில்லை என்று பிறகு யாரும் குறை சொல்ல வேண்டாம்.

தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். அவர் எனக்கு வழிகாட்டி. அந்தச் சொல்லை எழுதும்போதே சிரிப்பு வருகிறது. பதிவுக் காலம் முடிந்து, கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய நீட்டிப்பும் அந்த வருஷம் ஜூன் மாதத்தோடு முடிவதாக இருந்தது. அதற்குள் தீசிஸில் அவர் கையெழுத்து விழ வேண்டும். விழாவிட்டால் ஐந்து வருஷமும் போச்சு. முப்பத்து மூன்று வயதில், பட்டமும் இல்லாமல் வேலையும் இல்லாமல், அப்பா இல்லாத வீட்டில் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

என் ஆராய்ச்சி குற்றாலத்துக் கழிவுநீரில் தொடங்கியது. மெயின் அருவியில் சோப்பு, ஷாம்பு போடக்கூடாது என்று போர்டு இருக்கிறது. அந்தப் போர்டுக்குக் கீழேயே நின்று ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கிழிக்கிறவர்களைத் தினமும் பார்க்கலாம். உடம்பெல்லாம் எண்ணெயைத் தடவிக்கொண்டு, வெட்கமில்லாமல், ஏதோ அவர்கள் வீட்டுக் குளியலறை மாதிரி. அந்த எண்ணெயும் நுரையும் வழிந்து ஓடுகிற இடத்தில் பாறை மேல் வழவழவென்று ஒன்று படிந்திருக்கும். அதைச் சுரண்டி எடுக்கப் போனபோது சறுக்கி விழுந்து என் முழங்கை பெயர்ந்தது. மேலே நின்ற ஒரு டூரிஸ்ட் கும்பல் கைதட்டி விசில் அடித்தது. அந்தக் கும்பலையும் எனக்குப் பிடிக்காது.

அந்த வழவழப்பில் ஒரு கிருமி இருந்தது. அந்தக் கிருமியில், எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாத ஒரு புரதம் இருந்தது. அது என்ன வேலை செய்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் தீசிஸின் கடைசி அத்தியாயம்.

புரதம் என்பது இருபது எழுத்துகளை வைத்து எழுதிய ஒரு நீளமான சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய புரதம் ஒன்று கிடைத்தால், ஏற்கெனவே தெரிந்த புரதங்களோடு எழுத்துக்கு எழுத்து வைத்துப் பார்ப்பார்கள். நிறைய ஒத்துப்போனால் இரண்டும் ஒரே மூதாதையின் வழி வந்தவை. செய்கிற வேலையும் அநேகமாக ஒன்றாக இருக்கும். நூறு எழுத்தில் இருபதுகூட ஒத்துப்போகாவிட்டால்தான் சிக்கல். சொந்தம் என்று சத்தியம் செய்யவும் முடியாது, இல்லை என்று கைகழுவவும் முடியாது. ஏனென்றால் கோடிக்கணக்கான வருஷங்களில் எழுத்துகள் எல்லாம் மாறிப்போயிருக்கும், புரதம் மடிந்திருக்கிற விதம் மட்டும் மாறாமல் இருக்கும். என் அருவிப் புரதம் அந்த மாதிரிக் கேஸ்தான்.

அதனால்தான் மொழி மாடலைக் கையில் எடுத்தேன். நாம் பேசுகிற மொழியைப் படித்த மாடல் இல்லை, புரதங்களைப் படித்த மாடல். கோடிக்கணக்கான புரதங்களைக் கொடுத்து, நடுநடுவே எழுத்துகளை மறைத்து, அங்கே என்ன எழுத்து இருக்கும் என்று ஊகிக்கச் சொல்லிச் சொல்லியே அதைப் பழக்கியிருந்தார்கள். அதற்கு யாரும் இலக்கணம் சொல்லித் தரவில்லை. ஒரு புரதத்தை அதற்குள் போட்டால் ஒரு நீண்ட எண் வரிசை வெளியே வரும். இரண்டு புரதங்களின் எண் வரிசைகள் பக்கத்துப் பக்கத்தில் விழுந்தால், எழுத்துகள் ஒத்துப்போகாவிட்டாலும் அவை சொந்தமாக இருக்கலாம். சென்னையில் பஸ்ஸில் போகும்போது ஒருவன் சுத்தமான சென்னைத் தமிழில் போன் பேசிக்கொண்டு வருவான். ஏதோ ஓர் இழுப்பில் இவன் நம்ம ஊர்க்காரன் என்று எனக்குத் தெரிந்துவிடும். எந்தச் சொல்லை வைத்துக் கண்டுபிடித்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மாடலும் அப்படித்தான் கண்டுபிடிக்கிறது.

தை மாதம் அத்தியாயத்தை சாரிடம் கொடுத்தேன். நான்கு பக்கம் புரட்டினார்.

"எத்தனை பர்சென்ட்?"

"இருபதுக்குக் கீழ சார்."

"அப்பம் சொந்தமே இல்லலா? கம்ப்யூட்டர் கண்ட கனவையெல்லாம் எழுதிட்டு வந்து கையெழுத்துப் போடுன்னா போட்டுருவேனா? தூக்கிட்டுப் போம்மா."

தூக்கிட்டுப் போ என்று சொன்னவர் அதைத் தாமே தூக்கி மேஜை ஓரத்துக்கு எறிந்தார். பாதித் தாள்கள் தரையில் விழுந்தன. குனிந்து பொறுக்கிக்கொண்டே, எரிச்சலில், வாயில் வந்ததைக் கேட்டேன்.

"சார், ஒங்களுக்குச் சாஸ்தா எது?"

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பேச்சை எடுத்தால் ஜாதகத்துக்கு முன்னால் கேட்கிற கேள்வி அது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா கோயில் உண்டு. எந்த ஊரில் பிழைத்தாலும் பங்குனி உத்திரத்துக்கு அங்கே வந்து பொங்கல் இட வேண்டும். எங்கள் ஆட்களுக்குள் ஒரே சாஸ்தா என்றால் பங்காளி, அதாவது ஒரே அப்பன் வழி. அண்ணன் தம்பி முறை, பெண் கொடுக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது. ஒருவன் மும்பையில் இந்தி பேசிக்கொண்டு திரிவான், இன்னொருவன் இங்கே பக்கத்தில் திருவேங்கடத்தில் மானாவாரியில் உளுந்து போடுவான். பேரிலும் ஒற்றுமை இருக்காது, முகத்திலும் ஜாடை இருக்காது. சாஸ்தாவைக் கேட்டால் தெரிந்துவிடும்.

சாரும் இந்த ஊர்க்காரர்தான். தம் சாஸ்தாவின் பெயரைச் சொன்னார், எதற்குக் கேட்கிறாய் என்றும் முறைத்தார்.

"ஒங்க கோயிலுக்கு வாரவங்கள பேர வச்சுக் கண்டுபிடிக்க முடியுமா சார்? மூஞ்சிய வச்சு? முடியாதுல்லா? சாஸ்தாவ வச்சுத்தான பங்காளின்னு சொல்லுதோம். நீங்க பேர வச்சுத் தேடுதிய. இந்த மாடல் சாஸ்தாவக் கேக்குது."

ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக நான் சொன்ன ஒன்று அவருக்கு உறைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சரி, ஒன் அருவிப் புரதத்துக்கு யாரு பங்காளின்னு சொல்லுது?"

"மண்ணுல இருக்கிற ஒரு கிருமியோட பெரிய புரதம் சார். அது ரொம்பப் பக்கத்துல விழுது."

"அந்த மண்ணுப் புரதத்துக்கு?"

"அதுக்குப் பக்கத்துல, சோப்பு ஷாம்புவ வெட்டித் துண்டாக்குத என்சைம் குடும்பம் ஒண்ணு இருக்கு. எல்லாருக்கும் தெரிஞ்ச குடும்பம்."

சார் எழுந்தே விட்டார். "பங்காளிக்குப் பங்காளி யாரு?"

"பங்காளிதான் சார்."

"அப்பம் ஒன் புரதம் ஷாம்புவத் திங்கும்லா! குத்தாலத்துல ஷாம்பு திங்கிற கிருமி! இத ஏம்மா முன்னாலயே சொல்லல?"

அவ்வளவுதான். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முட்டாள்தனத்தைச் செய்தோம். அருவிப் புரதத்தையும் வெட்டுகிற குடும்பத்தையும் நான் நேருக்கு நேர் வைத்துப் பார்க்கவில்லையா என்றால், பார்த்தேன். இரண்டும் எங்கேயோ தூரத்தில்தான் கிடந்தன. "தூரத்துப் பங்காளி" என்று நினைத்துக்கொண்டு, அதை ஆங்கிலத்தில் கொஞ்சம் பவுடர் பூசி எழுதிவிட்டேன். வேறு ஊர்க்காரி யாராவது என் இடத்தில் இருந்திருந்தால் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருப்பாள். சாஸ்தா கோயில் வாசலில் வளர்ந்த எனக்கு, பங்காளிக்குப் பங்காளி பங்காளி என்பதில் யோசிக்க ஒன்றுமே இருக்கவில்லை.

அதற்குப் பிறகு சார் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! அதுவரை மாடல் என்றாலே மூக்கைச் சுளித்தவர், கேன்டீனில் டீ குடிக்கிறவர்களை எல்லாம் நிறுத்தி வைத்துச் சாஸ்தா கதையைச் சொன்னார், அதுவும் தாமே கண்டுபிடித்த மாதிரி. ஒரு பத்திரிகையில் அவர் படம் வந்தது. அருவிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற படம். செய்தியில் நான் "மாணவி ஒருவர்". பாறையில் விழுந்து முழங்கை பெயர்ந்தது யாருக்கு? படம் யாருக்கு? கமிட்டி முன்னால் நான் ஆராய்ச்சியை எடுத்துச் சொல்வதற்குச் சித்திரையில் நாள் குறித்தார்கள். அது முடிந்ததும் கையெழுத்து என்று சார் வாயாலேயே சொன்னார். அதற்காக எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டேன்.

நடுவில் பங்குனி உத்திரம் வந்தது.

எங்கள் சாஸ்தா கோயில் கீழப்பாவூர் தாண்டி, ஒரு குளத்துக்கரையில் இருக்கிறது. அப்பா இருந்தவரை எங்கள் அடுப்பை அப்பா மூட்டுவார். அவர் போன பிறகு கோயில் சாவி அவருடைய தம்பி, என் சித்தப்பா கைக்குப் போனது. அந்தச் சாவியோடு அவருக்குக் கொம்பும் முளைத்தது. அப்பாவின் காரியத்துக்கு வந்தவர் பதினாறாம் நாள் முடிவதற்குள் அம்மாவோடு சண்டை போட்டுவிட்டுப் போனார். அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. எங்களுக்கு அடுப்பு மூட்ட ஆம்பிளை இல்லை என்று இரண்டு வருஷமாகச் சித்தப்பா எங்களைக் கோயிலில் வேடிக்கை பார்க்க வைத்தார்.

இந்தத் தடவை விடுவதில்லை என்று புளியங்குடியிலிருந்து மாமாவை வரச் சொன்னேன். அம்மாவின் தம்பி. எலுமிச்சை மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறார். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷர். வெள்ளை வேட்டி கட்டி, புதுப் பானை வாங்கிக்கொண்டு வந்தார். மூன்று செங்கல்லை வைத்து, ஓலையை மடித்து, தீப்பெட்டியை எடுத்தார்.

"யாரு அது? நில்லும்வே!"

அரிசி களைந்துகொண்டிருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சித்தப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து செங்கல்லைக் காலால் தட்டிவிட்டார். பானை உருண்டது.

"இது பங்காளிக கோயில். மாமன் மச்சான் வந்து சாமி கும்பிடலாம், சோறு திங்கலாம். அடுப்பு மூட்ட முடியாது."

"ஏன் முடியாது?" என்றேன். "மாமா எனக்குச் சொந்தமில்லையா?"

"ஒனக்குச் சொந்தந்தான். யாரு இல்லன்னா?"

"நான் ஒங்களுக்குச் சொந்தமில்லையா?"

"எங்க அண்ணன் மகதான. இல்லைன்னு சொல்லுதேனா?"

"அப்பம் என்ன?"

"ஏட்டி, படிச்சுப் படிச்சு மூள கலங்கிட்டா ஒனக்கு? ஒங்கிட்ட பாதி இங்கன உள்ளது, பாதி அங்கன உள்ளது. இங்கன உள்ள பாதி எனக்குச் சொந்தம், அங்கன உள்ள பாதி அவருக்குச் சொந்தம். ஒன்ன நடுவுல நிறுத்தி வச்சுட்டா நானும் அவரும் பங்காளியாயிருவோமா? கொண்டான் குடுத்தான் வேற, பங்காளி வேற. எட்டாங்கிளாஸ் பெயிலான எனக்குத் தெரியுது, ஒனக்குத் தெரியல. போட்டி அங்கன!"

மாமா பானையை எடுத்து மண்ணைத் தட்டினார். "வா பிள்ள, போயிருவோம்" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது. நான் சித்தப்பாவின் சட்டையைப் பிடித்திருக்க வேண்டிய நேரம் அது. நாசமாய்ப் போவிய என்று மண்ணை வாரித் தூற்றியிருக்க வேண்டிய நேரம். ஆனால் நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பாதி இங்கன, பாதி அங்கன.

மண் புரதம் பெரியது. என் அருவிப் புரதத்தைப் போல இரண்டு பங்கு நீளம்.

கார் தென்காசி வந்து சேரும்வரை மாமா சித்தப்பாவை வைதுகொண்டே வந்தார். அதிர்ந்து பேசாத மனுஷர் அன்றைக்குப் பேசினார். நான் ஒரு வார்த்தைகூடக் காதில் வாங்கவில்லை. மாடல் முழுப் புரதத்துக்கும் சேர்த்துச் சராசரியாக ஒரே எண் வரிசையைத்தான் எனக்குத் தந்திருந்தது. முன்பாதி ஒரு வம்சம், பின்பாதி இன்னொரு வம்சம் என்று இரண்டும் ஒட்டிப் பிறந்த புரதமாக இருந்தால், அந்தச் சராசரி இரண்டு பக்கத்துக்கும் நடுவில் போய் நிற்கும், இரண்டு பக்கத்துக்கும் சொந்தம் மாதிரித் தெரியும். அதற்காக இந்தப் பக்கத்துக்காரனும் அந்தப் பக்கத்துக்காரனும் பங்காளி ஆகிவிடுவார்களா?

மறுநாள் காலை லேப் திறந்ததும் முதல் ஆளாகப் போய் மண் புரதத்தை இரண்டாக வெட்டினேன். ஒவ்வொரு பாதியையும் தனித்தனியாக மாடலில் போட்டேன். முன்பாதி என் அருவிப் புரதத்தின் மேல் போய் ஒட்டிக்கொண்டது, முன்னைவிடப் பக்கத்தில். பின்பாதி ஷாம்புவை வெட்டுகிற குடும்பத்துக்குள் போய் விழுந்தது. அருவிப் புரதத்துக்கும் அந்தக் குடும்பத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மடிப்பையும் ஊகித்துப் பார்த்தேன். முன்பாதியும் அருவிப் புரதமும் ஒன்றன்மேல் ஒன்று அப்படியே பொருந்தின. அந்த மடிப்பு எதையும் வெட்டுகிற மடிப்பு இல்லை. வழுக்குகிற இடத்தில் பிடித்துக்கொள்வதற்கான மடிப்பு. என் புரதம் ஷாம்பு தின்னாது. பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. உலகத்தில் எத்தனையோ பேர் இருக்க, என் தப்பைக் காட்டிக்கொடுக்க அந்தச் சித்தப்பாதானா கிடைத்தார்?

சாரிடம் போய்ச் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"யார்ட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"அப்பம் வாய மூடிக்கிட்டு இரு. கமிட்டியில மூணு பேரு. மூணு பேருக்கும் இந்த மாடலப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. நீ பாட்டுக்குப் படிச்சுட்டு இறங்கு, நான் கையெழுத்துப் போடுதேன். ஒனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

"தப்புன்னு தெரிஞ்ச பெறவு எப்படி சார்?"

"தப்புன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

சித்தப்பா என்று எப்படிச் சொல்வது? சார் மேஜையை விரலால் தட்டிக்கொண்டே சொன்னார்: "பேப்பர்ல என் படம் வந்துருக்கு. ஜூன் முப்பதுக்கு ஒன் காலம் முடியுது. ரெண்டையும் யோசிச்சுக்கோ."

யோசித்தேன். பத்து நாள் யோசித்தேன். சொல்லாமல் விட்டால் பட்டம் கைக்கு வரும். சொன்னால் இந்த ஆள் கையெழுத்துப் போட மாட்டார். யாருக்குத் தெரியப் போகிறது என்று மனசு ஒரு பக்கம் இழுத்தது. பொய் சொல்லக்கூடாது என்கிற உயர்ந்த எண்ணம் எல்லாம் எனக்கு வரவில்லை. எட்டாம் கிளாஸ் பெயிலான சித்தப்பாவுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது என்று அவர் கோயிலில் நின்று சொன்னாரே, அந்த அத்தியாயத்தை அப்படியே விட்டால் அது உண்மையாகிவிடும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கமிட்டியில் சார் சொன்னபடியே நடந்தது. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒருவர் மிக்சர் தட்டை இழுத்து வைத்துக்கொண்டார். சார் எழுந்து நன்றி சொல்ல வாயெடுத்தபோது, "இன்னொரு படம் இருக்கு" என்றேன். வெட்டிய இரண்டு பாதிகளின் படத்தைப் போட்டேன். நான் முதலில் சொன்னது தப்பு, இந்தப் புரதம் ஷாம்புவை வெட்டாது, ஆனால் மண் புரதத்தின் முன்பாதிக்கும் இதற்கும் இருக்கிற உறவு நிஜம், எனக்குத் தெரிந்து இதுவரை யாரும் அதைச் சொல்லவில்லை என்று சொன்னேன். சாரின் முகம் கறுத்துப்போனது. மிக்சர் தின்றவர் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அத்தியாயத்தைத் திருத்தி எழுது, தலைப்பை மாற்று, வழிகாட்டி கையெழுத்தோடு ஜூனுக்குள் கொடு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

வழிகாட்டி கையெழுத்தோடு. பந்து மறுபடி அவர் காலடியில்.

மே முழுக்க அவர் என் முகத்தில் விழிக்கவில்லை. ஜூனில் சாரல் தொடங்கியது. ஊரெல்லாம் டூரிஸ்ட் வேன். திருத்திய தீசிஸை நனையாமல் ஜவ்வுத் தாளில் சுற்றி வைத்துக்கொண்டு மூன்று நாள் அவர் அறை வாசலில் நின்றேன். ஜூன் முப்பது, கடைசி நாள் மத்தியானம் உள்ளே கூப்பிட்டார். தீசிஸை வாங்கியதும் எங்கள் ஊரில் எல்லாரும் செய்வதையே அவரும் செய்தார். நேரே நன்றிப் பக்கத்தைத் திறந்து தம் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடினார்.

"இது யாரு, எனக்கு முன்னால?"

முதல் வரியில் சித்தப்பாவை எழுதியிருந்தேன். பிரியத்தினால் இல்லை. பட்ட கடனைத் தீர்த்துவிட்டால் பிறகு நிம்மதியாக வையலாம் என்றுதான்.

"தப்பக் காட்டிக் குடுத்தவரு சார்."

"எந்த யுனிவர்சிட்டி?"

"கோயில் சாவி வச்சிருக்காரு."

"ஐஞ்சு வருஷம் ஒன்ன வச்சு மேய்ச்சவன் ரெண்டாவது, கோயில் சாவி வச்சிருக்கவன் மொதல்லயா? மாத்திட்டு வா. மாத்தாம கையெழுத்துக் கிடையாது."

மணி மூன்று. ஐந்து மணிக்கு அலுவலகம் மூடிவிடும். எங்கள் சித்தப்பாவை எனக்குப் பிடிக்காது. எங்கள் சாரையும் எனக்குப் பிடிக்காது. இந்த இருவரில் யாரை முதலில் வைப்பது என்பதிலா என் பட்டம் நிற்க வேண்டும்? தீசிஸை அவர் கையிலிருந்து வாங்கினேன். அது ஸ்பைரல் போட்ட பிரதிதான். நன்றிப் பக்கத்தைப் பிடித்து இழுத்தேன். கிழிந்து வந்துவிட்டது. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"இப்பம் ரெண்டுபேரும் இல்ல சார். நன்றிப் பக்கம் கட்டாயமில்லன்னு விதியில இருக்கு. கையெழுத்துப் பக்கந்தான் கட்டாயம்."

கமிட்டி எழுதிக் கொடுத்த தாள் மேஜை மேல் இருந்தது. போடாமல் விட்டால் அவர்கள் ஏன் என்று கேட்பார்கள், ஷாம்பு கதையை மறைக்கச் சொன்னதும் வெளியே வரும் என்று அவருக்கும் தெரியும்.

"ஷாம்புவும் திங்காதுன்னா, ஒன் புரதம் பின்ன என்னதான் செய்யும்?"

"ஒட்டிக்கிட்டு இருக்கும் சார்."

"ஒன்ன மாதிரி" என்றார். பேனாவைத் திறந்தார். "நன்றி கெட்டவ" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். சொன்னதில் தப்பில்லை. எங்கள் கல்லூரி நூலகத்தில் நன்றிப் பக்கம் இல்லாத தீசிஸ் என்னுடையது ஒன்றுதான்.

அடுத்த பங்குனி உத்திரத்துக்கு மாமாவைக் கூப்பிடவில்லை. அம்மாவும் நானும் மட்டும் போனோம். புதுப் பானையை நானே தூக்கிக்கொண்டு போய், அப்பா மூட்டுகிற அதே இடத்தில் மூன்று செங்கல் வைத்துக் குத்தவைத்து உட்கார்ந்தேன். தீக்குச்சியைக் கிழிக்கும்போது துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார் சித்தப்பா.

"ஏட்டி! பேருக்கு முன்னால டாக்டருன்னு போட்டுட்டா பங்காளியாயிருவியா?"

"பாதிப் பங்காளி" என்றேன், ஓலையைப் பற்றவைத்துக்கொண்டே. "நீங்கதான சொன்னிய, பாதி இங்கன உள்ளதுன்னு. இங்கன உள்ள பாதிக்கு மூட்டுதேன். அங்கன உள்ள பாதி புளியங்குடியில இருக்கு."

காலைத் தூக்கினார். பெண்கள் எல்லாரும் அரிசி களைவதை நிறுத்திவிட்டு அவர் காலையே பார்த்தார்கள். அண்ணன் மகள் என்று போன வருஷம் அவர் வாயாலேயே சொன்னதை அத்தனை பேரும் கேட்டிருந்தார்கள். தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் தரையில் ஊன்றி, காறித் துப்பிவிட்டு, சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு அடுப்பு மூட்டிப் பழக்கமில்லை. தீ அதிகமாகிப் பொங்கல் அடி பிடித்துவிட்டது. அம்மாவும் நானும் அங்கேயே உட்கார்ந்து அதைத் தின்றோம்.